தேநீரும் கோப்பியும் தடிமனைத் தீர்க்குமா?



மாரிகாலம் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் இரண்டு ஒலிகள் ஓயாமற் கேட்கும். ஒன்று கூரையில் விழும் மழையின் ஒலி. மற்றையது வீட்டிலுள்ளோரின் இருமல் ஒலி. ஒருவருக்குத் தடிமன் பிடித்தால் அடுப்பிலே உடனே தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். சிலர் கொத்தமல்லி அவிப்பர். சிலர் சுக்கும் மிளகும் இட்டுக் கோப்பி வைப்பர். சிலர் சாயம் கூடிய தேநீரில் இஞ்சியைத் தட்டிப் போடுவர். குடித்தவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இப்பொழுது கொஞ்சம் சுகமாக இருக்கிறது” என்பார்.

அந்தச் சுகம் உண்மையானதா? உண்மையானால், அது எதனால் வருகின்றது? கோப்பியிலும் தேயிலையிலும் பொதுவாக உள்ள கஃபீன் என்னும் பொருள், வைரசுக் கிருமிகளால் உண்டாகும் சுவாச நோய்களை எதிர்க்க வல்லதா? இவ்வினாக்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

நான் வைத்தியன் அல்லன், ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர், கலைப் பட்டதாரி. எனினும் இவ்வினா எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. என் வீட்டிலிருந்து வந்தது.

எனது தந்தையார் தபாற் கந்தோரில் எழுதுவினைஞராகப் பணியாற்றியவர். அவருக்குத் தொய்வு நோய் இருந்தது. மழைக்கால இரவுகளில் மூச்சு முட்டும்போது அவர் படுக்கையை விட்டெழுந்து, முழங்கைகளை மேசையிலே ஊன்றி, தலையைத் தாழ்த்தியபடி அமர்ந்திருப்பார். தாயார் ஒன்றும் பேசாமல் அடுப்பை மூட்டி, பாலும் சீனியும் இடாத கடுங்கோப்பி வைத்துக் கொடுப்பார். அதைக் குடித்துச் சிறிது நேரம் சென்றபின் தந்தையாரின் நெஞ்சிலிருந்து எழும் இழுப்பொலி சற்றுத் தணியும். சிறுவனாகிய நான் அதனைப் பார்த்து, கோப்பி ஒரு மந்திர மருந்து என்றே நம்பியிருந்தேன்.

தாயார் இவ்வைத்தியத்தைத் தம் தாயாரிடம் கற்றிருத்தல் வேண்டும். ஆனால், இதே முறையை இங்கிலாந்திலே ஹென்றி ஹைட் சால்ற்றர் என்னும் வைத்தியர் 1859ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துள்ளார். அவர் தாமும் தொய்வு நோயால் வருந்தியவர். கடுங்கோப்பி இந்நோய்க்கு நல்ல மருந்து என்றும், அதனைப் பாலும் சீனியும் கலவாமல் வெறும் வயிற்றிலே குடித்தல் வேண்டும் என்றும் அவர் கூறினார். கடல்களுக்கு அப்பாலிருந்த ஒரு வைத்தியரும் எங்கள் குசினியில் நின்ற என் தாயாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தனர்.

கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனை முதன்முதலிற் பிரித்தெடுத்தவர் ருங்கே என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞராவார். இது 1819ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. பெருங்கவிஞரான கேத்தே அவருக்குச் சில கோப்பிக் கொட்டைகளைக் கொடுத்து, இவற்றை ஆராய்ந்து பாரும் என்று தூண்டியதாக வரலாறு கூறுகின்றது. பின்னர், 1888ஆம் ஆண்டிலே கொசெல் என்னும் மற்றோர் ஜெர்மானிய அறிஞர் தேயிலையிலிருந்து தியோபிலின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். தியோபிலின் கஃபீனுக்கு உடன்பிறப்புப் போன்றது. தொய்வு நோய்க்குப் பல ஆண்டுகளாக வைத்தியர்கள் கொடுத்துவந்த மருந்து இந்தத் தியோபிலினேயாகும்.

தொய்வு வந்தவரின் சுவாசக் குழாய்களைச் சூழ்ந்துள்ள தசைகள் இறுகிக் குழாய்களை ஒடுக்கிவிடுகின்றன. தியோபிலின் அத்தசைகளைத் தளர்த்துகின்றது. கஃபீனும் இதனையே செய்கின்றது. ஆனால் மெல்லிய அளவிலேயே செய்கின்றது. பல பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தோர், கஃபீன் உட்கொண்ட தொய்வு நோயாளரின் சுவாசம் நான்கு மணி நேரம் வரை சிறிதளவு சீர்ப்படுகின்றது எனக் கண்டுள்ளனர். ஆதலின் என் தந்தையார் பெற்ற சுகம் வெறும் மனப்பிரமையன்று.

கஃபீனை உண்மையான மருந்தாகவே கொடுக்கும் இடமும் ஒன்றுண்டு. நிறைமாதத்துக்கு முன் பிறந்த குழந்தைகள் சில, மூச்சு விடுவதையே இடையிடையே மறந்துவிடுகின்றன. அத்தகைய குழந்தைகளுக்கு வைத்தியர்கள் கஃபீன் சித்திரேற்று என்னும் மருந்தை அளந்து கொடுக்கின்றனர். பிறப்பு நிறை 500 கிராம் முதல் 1,250 கிராம் வரையுள்ள 2,006 குழந்தைகளிடத்தே நடத்தப்பட்ட ஒரு பெரும் பரிசோதனையின் முடிவுகள் 2006ஆம், 2007ஆம் ஆண்டுகளில் வெளியாயின. கஃபீன் பெறாத குழந்தைகளுள் நூற்றுக்கு 47 பேரளவில் நாட்பட்ட சுவாசப்பை நோய்க்கு ஆளாயினர். கஃபீன் பெற்றோருள் நூற்றுக்கு 36 பேரளவிலேயே அதற்கு ஆளாயினர். கோப்பிக் கோப்பையிலுள்ள அதே பொருள் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குத் துணைநிற்கின்றது என்பது வியப்புக்குரியதன்றோ?

இதுவரை கூறியவற்றைக் கேட்ட நேயர் ஒருவர், “அப்படியாயின் தடிமனுக்கும் இன்புளுவென்சாவுக்கும் கொவிட் நோய்க்கும் கோப்பியே போதுமே” என்று எண்ணக்கூடும். இங்கேதான் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். மூச்சுக்குத் துணைசெய்வது ஒன்று. மூச்சைக் கெடுக்க வந்த கிருமியை அழிப்பது வேறொன்று. வீட்டுக்குள் திருடன் புகுந்திருக்கும்போது யன்னலைத் திறந்துவிட்டால் காற்று வரும். திருடன் போய்விட மாட்டான்.

வைரசு என்பது நம் உடற்கலங்களுக்குள் நுழைந்து, அக்கலங்களையே தன் தொழிற்சாலையாக்கிக்கொண்டு பெருகுவது. மனித உடம்பினுள் இப்பெருக்கத்தைக் கஃபீன் தடுக்கின்றது என்று எந்தப் பரிசோதனையும் இதுவரை நிறுவவில்லை. கணினியின் உதவிகொண்டு, கஃபீன் மூலக்கூறு கொரோனா வைரசின் சில புரதங்களோடு பொருந்தக்கூடும் எனச் சில ஆய்வாளர் கணித்துக் காட்டியதுண்டு. ஆனால், ஒரு சாவி பூட்டினுள் நுழையும் என்று படம் வரைந்து காட்டுவதும், அச்சாவியால் கதவைத் திறப்பதும் ஒன்றாகா.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலே உலகெங்கும் பரவிய ஒரு செய்தி உங்களுட் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஆசிரியர்களின் கைத்தொலைபேசிகளிலும் அது வந்து சேர்ந்தது. வூகான் நகரத்து வைத்தியர் லீ வென்லியாங் என்பவர், தேயிலையிலுள்ள மெதைல்சாந்தின் என்னும் பொருட்கள் கொரோனாவை அழிக்கும் எனக் கண்டறிந்து எழுதிவைத்துவிட்டு இறந்தார் என்றும், ஆதலால் நாளுக்கு மூன்று கோப்பைத் தேநீர் குடித்தால் நோய் அணுகாது என்றும் அச்செய்தி கூறிற்று. அது முழுப் பொய். லீ வென்லியாங் ஒரு கண் வைத்தியர். புதிய நோயொன்று பரவுவதைத் தம் நண்பர்களுக்கு எச்சரித்தவர். அந்நோயினாலேயே 2020 பெப்ரவரி 7ஆம் திகதி உயிர் நீத்தவர். தேயிலையைப் பற்றி அவர் ஆராய்ந்ததில்லை. உண்மையைச் சொன்ன ஒருவரின் பெயரைப் பொய்க்கு முத்திரையாக்கிவிட்டனர்.

நாமோ தேயிலை விளையும் நாட்டவர். 1869ஆம் ஆண்டிலே தோன்றிய இலைத்துரு நோய் இந்நாட்டுக் கோப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழித்தபின், தேயிலையே இந்நாட்டின் பெருஞ் செல்வமாயிற்று. எனவே தேநீரைப் புகழும் எச்செய்தியும் நம் காதுக்கு இனிதாகவே ஒலிக்கும். இனிதாக ஒலிப்பதனாலேயே நாம் அதனை இரு முறை ஆராய்தல் வேண்டும்.

ஆராய்ச்சி உலகம் இதைப் பற்றி ஒன்றும் கூறவில்லையா என்று கேட்பீராயின், கூறியதுண்டு. பிரித்தானியாவைச் சேர்ந்த ஏறக்குறைய 38,000 பேரின் உணவுப் பழக்கங்களை ஆராய்ந்த அறிக்கையொன்று 2021ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. நாளொன்றுக்கு ஒரு கோப்பையாயினும் கோப்பி அருந்தியோரிடையே கொவிட் தொற்று நூற்றுக்குப் பத்து என்ற அளவில் குறைந்து காணப்பட்டதாக அது தெரிவித்தது. ஆனால், கோப்பி அருந்துவோர் வேறு பல வகைகளிலும் மற்றையோரினின்று வேறுபட்டிருக்கலாம். சேவல் கூவியபின் சூரியன் உதிக்கின்றது. அதனால் சேவல்தான் சூரியனை எழுப்புகின்றது என்று நாம் சொல்வதில்லை.

ஜப்பான் நாட்டிலே சிசுவோக்கா என்னும் தேயிலை மாகாணம் உண்டு. அங்கே ஆறு உயர்நிலைப் பாடசாலைகளைச் சேர்ந்த எழுநூறுக்கும் மேற்பட்ட மாணவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் பச்சைத் தேநீராலும் மற்றைப் பிரிவினர் வெறும் நீராலும் நாள்தோறும் தொண்டை கொப்பளிக்கச் செய்தனர். இன்புளுவென்சா தொற்றுவதில் இரு பிரிவினருக்குமிடையே உறுதியாகக் கொள்ளத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவ்வாய்வு 2014ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. தேயிலை விளையும் மாகாணத்திலேயே, தேயிலைக்குச் சாதகமல்லாத முடிவை மறைக்காது வெளியிட்டமை போற்றுதற்குரியது.

அவ்வாறாயின், தடிமனின்போது குடிக்கும் சூடான பானம் தரும் சுகம் எதனால் வருவது? அதற்கும் விடையுண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரத்திலே 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், தடிமன் பிடித்தோருக்குச் சூடான பழரசம் கொடுத்துப் பார்த்தனர். மூக்கடைப்பை அளவுகோல் கொண்டு அளந்தபோது மாற்றமில்லை. எனினும் இருமல், தும்மல், தொண்டைவலி, குளிர், சோர்வு ஆகியன தணிந்ததாக அவர்கள் உணர்ந்தனர். அப்பானத்திலே கஃபீன் இல்லை. ஆகவே சூடு தானே ஓர் ஆறுதல். கொத்தமல்லித் தண்ணீர் அவித்துக் கொடுக்கும் பாட்டிமாரை நாம் பரிகசிக்க வேண்டியதில்லை. அவர்கள் தருவது ஆறுதல். அதனைக் குணப்படுத்தல் என்று எண்ணுவதே நம் பிழை.

கஃபீன் தரும் இன்னொரு நன்மை விழிப்பு. நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கின்றது. அது தனக்குரிய ஆசனங்களிலே அமர்ந்ததும் நமக்குத் தூக்கம் வருகின்றது. பஸ் வண்டியில் ஒருவர் முந்திக்கொண்டு ஆசனத்திலே லேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, கஃபீன் அவ்வாசனங்களைப் பிடித்துக்கொள்கின்றது. அடினோசின் நின்றுகொண்டே இருக்கின்றது. நமக்குத் தூக்கம் வருவதில்லை. தடிமன் பிடித்தோருக்குக் கஃபீன் கொடுத்தால் அவர்களின் மந்தநிலை நீங்கி, விழிப்பும் கைவேகமும் திரும்புகின்றன என்பதை அன்ட்ரூ சிமித் என்னும் பிரித்தானிய உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1997ஆம் ஆண்டிலே காட்டினர்.

நேயர்களே, இந்த நன்மையினுள்ளேயே ஓர் ஆபத்தும் மறைந்திருக்கின்றது. இதனை என் பிழையொன்றைக் கூறியே விளக்க வேண்டும்.

எங்கள் பாடசாலையின் பரிசளிப்பு விழாவிலே, ஆண்டு முழுவதும் ஒருநாளேனும் தவறாது சமுகமளித்த மாணவருக்குப் பரிசொன்று வழங்கும் வழக்கம் இருந்தது. ஓராண்டிலே, கண் சிவந்து மூக்கு ஒழுக வகுப்பிலே அமர்ந்திருந்த மாணவன் ஒருவனைக் கண்டு, “ஏன் தம்பி வந்தாய்?” என்று கேட்டேன். “வரவுப் பரிசு போய்விடும், சேர். அம்மா சாயத் தேத்தண்ணியும் ஒரு குளிசையும் தந்தவ, இப்ப எனக்கு ஒன்றுமில்லை” என்றான். அவனுடைய உறுதியைப் பாராட்டி, முதுகிலே தட்டிக் கொடுத்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் அவ்வகுப்பிலே ஒன்பது பேர் வரவில்லை. அவர்களுள் ஒரு சிறுமியின் வீட்டில், படுக்கையிலிருந்த பாட்டியாருக்கும் நோய் தொற்றிற்று. ஆண்டிறுதியிலே அந்தப் பரிசை என் கையாலேயே கொடுத்தேன்.

தேநீர் அவனுடைய சோர்வை நீக்கியது உண்மை. ஆனால் அவனுடைய மூச்சிலிருந்த வைரசை அது நீக்கவில்லை. அவன் நலமாய் உணர்ந்தான், நலமாய் இருக்கவில்லை. சோர்வு என்பது, படுத்திரு என்று உடம்பு நமக்கு இடும் கட்டளை. அக்கட்டளையைக் கஃபீனால் அடக்கிவிட்டு வெளியே செல்வோமாயின், நோயை ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்தவர்களாவோம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் பின்னர் அந்தப் பரிசை நாம் நிறுத்திவிட்டோம். முன்னரே நிறுத்தியிருத்தல் வேண்டும் என்பது என் மனத்தாங்கல்.

இரண்டாவது ஆபத்து உறக்கத்தைப் பற்றியது. அமெரிக்காவிலே 153 நலமுள்ள மனிதரின் உறக்கத்தைக் குறித்துவைத்து, பின்னர் அவர்களின் மூக்கிலே தடிமன் வைரசை இட்டுப் பார்த்தனர். இவ்வாய்வு 2009ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. ஏழு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியோர், எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ உறங்கியோரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு எளிதாகத் தடிமனுக்கு ஆளாயினர். ஆகவே உறக்கமே ஒரு காப்பு. உட்கொண்ட கஃபீனிற் பாதி நம் உடம்பைவிட்டு நீங்குவதற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செல்கின்றது. பரீட்சைக் காலத்திலே இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குக் கடுந்தேநீர் வைத்துக் கொடுக்கும் தாய், அன்பினாற் கொடுக்கின்றார். ஆனால் அந்தக் கோப்பை, பிள்ளையின் உடம்பைக் காக்கும் உறக்கத்தை எடுத்துவிடுகின்றது. பரீட்சை மண்டபத்திலே தும்மிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்ப்பவன் நான்.

மூன்றாவது ஆபத்து, மருந்துகளோடு தொடர்புடையது. வைரசுக் காய்ச்சல் வந்தபோது ஈரல் சில மருந்துகளை வழக்கம்போல் விரைவாகச் சிதைப்பதில்லை. 1980ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சியாற்றில் நகரப் பகுதியில் இன்புளுவென்சா பரவியபோது, தொய்வுக்காகத் தியோபிலினை வழக்கமான அளவிலேயே உட்கொண்டுவந்த பிள்ளைகள் சிலருக்கு அம்மருந்தே நஞ்சாயிற்று. எனவே தியோபிலின் மருந்து எடுப்போர், காய்ச்சல் வந்தால் அதனை வைத்தியரிடம் கட்டாயம் கூறுதல் வேண்டும். அவ்வேளையிலே கடுங்கோப்பியை அதன்மேற் சேர்த்துக் குடிப்பதும் தகாது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பொருட்களே.

இனி, என் தந்தையாரின் கதையை முடித்துவிடுகின்றேன். ஒரு மார்கழி மாதத்திலே அவருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டன. மூன்றாம் நாள் மூச்சு முட்டத் தொடங்கிற்று. “ஒன்றுமில்லை, ஒரு கோப்பி குடித்தால் சரியாகிவிடும்” என்றார். கோப்பி கொடுத்தோம், சற்றுத் தணிந்தது. மறுபடியும் முட்டிற்று, மறுபடியும் கோப்பி கொடுத்தோம். இவ்வாறு ஒன்றரை நாள் சென்றது. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது அவருடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. நியூமோனியா என்றார்கள். பத்து நாட்கள் அங்கிருந்து பிழைத்து வந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த வைத்தியர், “ஐயா, கோப்பி குடித்தது பிழையில்லை. கோப்பியை நம்பி வீட்டில் இருந்ததுதான் பிழை” என்றார். இன்றைய பேச்சின் சாரம் முழுவதும் அவ்விரு வாக்கியங்களில் அடங்கும்.

ஆதலின் நேயர்களே, சிலவற்றை மனத்திற் கொள்ளுங்கள். நலமுள்ள வளர்ந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை உட்கொள்வதாற் கேடில்லை என்றும், கருவுற்ற தாய்மார் 200 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015ஆம் ஆண்டிலே கூறியுள்ளது. ஒரு கோப்பைத் தேநீரில் ஏறக்குறைய 50 மில்லிகிராமும், ஒரு கோப்பைக் கோப்பியில் ஏறக்குறைய 90 மில்லிகிராமும் இருக்கும் எனக் கணக்கிட்டுக்கொள்ளலாம். சாயம் கூடினால் இதுவும் கூடும். சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பிற் சேர்வது குறையும். இரத்தசோகையுள்ள பெண்களும் பிள்ளைகளும் இதனை மறத்தலாகாது. தடிமனோடு இருப்பவர் மாலைக்குப் பின் கொத்தமல்லித் தண்ணீரோ வெந்நீரோ குடித்துவிட்டு நேரத்தோடு உறங்குதல் நன்று.

காய்ச்சலோடு மூச்சு விரைந்தாலும், குழந்தையின் நெஞ்சு மூச்சுக்கு மூச்சு உட்குழிந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சிற் பேச முடியாவிட்டாலும் அடுப்பை மூட்டாதீர்கள், வண்டியை அழையுங்கள். வைரசைத் தடுக்கும் வழிகள் வேறு: உரிய தடுப்பூசி, கை கழுவுதல், காற்றோட்டமுள்ள அறை, இருமும்போது வாயை மூடுதல், நோயுற்ற நாளிலே வீட்டிலிருத்தல். இவற்றிற்குத் தேநீரின் மணமும் இல்லை. கோப்பியின் சுவையும் இல்லை. ஆனால் இவையே காப்பன.

தந்தையார் அதன் பின்னரும் பல ஆண்டுகள் வாழ்ந்தார்; கோப்பியையும் விடவில்லை. ஆனால் காய்ச்சலோடு மூச்சு முட்டினால், முதலிற் செருப்பைத் தேடுவார். வைத்தியசாலையிலிருந்து திரும்பி வந்தபிறகே கோப்பியைத் தேடுவார். நாமும் அவ்வொழுங்கையே கைக்கொள்வோமாக.